கடல்கோட்டைக்குப் போன விருந்தாளி

பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. எங்கள் விடுதிக்கு வரும் எல்லோரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். கல் பதித்த தெருக்களில் அரை நாள் நடந்தால் புதுச் செருப்பு காலைக் கடித்துவிடும். அப்புறம் அரண்மனையாவது மண்ணாவது, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றாகிவிடும். சொன்னால் சிலர் கேட்பார்கள், சிலர் கேட்கமாட்டார்கள். கேட்காதவர்களுக்காக வேனில் பஞ்சும் பிளாஸ்திரியும் வைத்திருப்பேன். என்னைப் பற்றி நீங்கள் விசாரித்த இடங்களில் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள், மேடம். கவனமான ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விடுதி என்று பெயர்தானே தவிர அது எங்கள் அப்பா கட்டிய வீடு. சுற்றிலும் வயல், பின்னால் ஒரு ஓடை. பக்கத்து வீட்டு விளக்கு தெரியாத அளவுக்குத் தனிமை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அக்காதான் என்னை ஆளாக்கினாள். மாடி அறைகளை வெள்ளையடித்து விருந்தாளிகளுக்கு விடலாம் என்றதும் அவள்தான். அறையும் அடுப்படியும் அவள் பொறுப்பு. வேன் என் பொறுப்பு.

காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் மூன்று பழைய ஊர்கள் இருக்கின்றன. ஒன்றில் அரண்மனை, அதற்குள் ஒரு அருங்காட்சியகம். ஒன்றில் ஊரைச் சுற்றி மதில்; மேலே ஏறி ஒரு சுற்று நடந்து வரலாம். மூன்றாவது பழைய துறைமுகம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கிறது. தண்ணீர் உள்வாங்கும்போது ஒரு கல்பாதை வெளியே வரும், நடந்தே போகலாம். தண்ணீர் ஏறினால் பாதை மூழ்கிவிடும். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று அழைத்துப் போவேன். போகிற வழியில் எந்த ராஜா யாரைக் கொன்றான், எந்த ராணி எந்த ஜன்னலில் நின்றாள் என்று சொல்லிக்கொண்டே வருவேன். அதில் பாதி நானே இட்டுக்கட்டியது. யாரும் குறை சொன்னதில்லை.

அக்கா இந்த ஊர்கள் எதையும் பார்த்ததில்லை. எல்லோரும் கிளம்பிவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு யார் இருப்பது? இத்தனை வருஷத்தில் ஒன்றிரண்டு முறை வருகிறேன் என்று கேட்டாள். வேனில் இடம் இல்லை என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த மனிதர் மழை முடிந்த பிறகு வந்தார். வெளுத்துப்போன துணித் தொப்பி ஒன்றைக் கழற்றவே மாட்டார், அதனால் அக்காவும் நானும் எங்களுக்குள் தொப்பிக்காரர் என்றே சொல்வோம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் நகரத்தில். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில், "வாழ்க்கை முழுக்க மேலயும் கீழயுமே போய்ட்டு இருந்தேன், இப்பத்தான் பக்கவாட்டுல போகலாம்னு கிளம்பினேன்" என்றார். அக்கா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கமில்லை.

ஒரு வாரத்துக்கு என்று வந்தவர் அடுத்த வாரமும் இருக்கிறேன் என்றார். அதற்கடுத்த வாரம் அதைச் சொல்லக்கூட இல்லை. அப்போதுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

கேட்டால் சின்னச் சின்ன விஷயமாகத்தான் தோன்றும். அடுப்படிக் கதவு கிறீச்சிடுவதை யாரும் சொல்லாமலே எண்ணெய் போட்டுச் சரி செய்தார். ஒரு விருந்தாளிக்கு எதற்கு இந்த அக்கறை? போன் வந்தால் எழுந்து வயல் வரப்புக்குப் போய்ப் பேசினார். நான் பின்னாலேயே போனால் பேச்சை முடித்துவிட்டு, தம்பி, மேகம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க என்பார். ஒரு மத்தியானம் அளவு நாடாவை வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படியை ஒவ்வொரு படியாக அளந்துகொண்டிருந்தார். என்ன சார் என்றேன். பழக்க தோஷம் என்று சிரித்தார். ஒருவன் இன்னொருவன் வீட்டை எதற்காக அளப்பான், நீங்களே சொல்லுங்கள்.

அறையைப் பெருக்குகிற சாக்கில் அவருடைய பெட்டியைப் பார்த்தேன். முழங்கால் வலிக்குத் தைலம், துணிமணி, இறந்துபோன மனைவியின் படம். சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. இந்த மாதிரி ஆட்கள் மனைவியின் படத்தைக் கண்டிப்பாக வைத்திருப்பார்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் மனம் எதைப் பார்த்தால் இளகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரண்மனை ஊருக்கு அவர் இரண்டாவது தடவை போக வேண்டும் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் அந்த ஊரை இரண்டு தடவை பார்க்கமாட்டார்கள். முதல் தடவையே நான் வேனில் இருந்தபடி ஒன்றைப் பார்த்திருந்தேன். அவரும் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறவரும் வாசல் வரை பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த ஆள் வேனைக் காட்டி ஏதோ கேட்டான். வேனில் எங்கள் விடுதியின் பெயர் எழுதியிருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்துக்காரனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இளவயதில் அவனுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. முடிந்த பிறகு நான் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவனுடைய அம்மாவைப் பார்த்தேன். அக்காவுக்கு அடிக்கடி வலிப்பு வரும், மறைத்துக் கட்டிவைப்பது பாவம் என்று என் மனசு சொல்கிறது என்றேன். அந்த அம்மாள் என் தலையைத் தடவி, நல்ல பிள்ளை என்றாள். அக்காவுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. அந்த வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று பெரிய கும்பல். அக்கா அங்கே வேலைக்காரியாகத்தான் இருந்திருப்பாள். அதை நான் தடுத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு வரன்களும் அந்தப் பேச்சு காதில் விழுந்தே போயின. நான் வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தடவை திரும்பி வரும்போது தொப்பிக்காரர் பின் சீட்டில் உட்காராமல் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

"தம்பி, உங்க அக்காவைக் கட்டிக்கிறதா இருந்தவரை இன்னைக்குப் பார்த்துப் பேசினேன். வலிப்புன்னு சொன்னதால விட்டுட்டாங்களாம். சொன்னது நீங்கன்னும் சொன்னாரு."

நான் கியரை மாற்றினேன்.

"உங்க அக்காகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். என் வாயால வர்றது சரியா இருக்காது. நீங்களே ஒரு நாள் சொல்லிடுங்க. சின்னப் பையனா இருந்தப்போ செஞ்சது. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

சரி சார் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மிரட்டல் என்றால் உங்களுக்குப் பழகிப்போன மாதிரி கத்தியும் கூச்சலுமாக வரும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வந்தது இப்படி, தோளில் தட்டிக் கொடுத்து வந்தது. இன்றைக்குச் சொல்லமாட்டேன் என்பவன் நாளைக்குச் சொல்வான். சொல்லாமல் இருப்பதற்கு விலையாக என்ன கேட்பான்? வீட்டைத்தான் கேட்பான், வேறென்ன. மாடிப்படியை அளந்தவன் ஆயிற்றே.

அந்த வாரமே அக்கா என்னிடம் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்தால் சிரிக்கட்டும் என்றாள். அவருடைய மகளிடம் போனில் பேசியாயிற்றாம், அந்தப் பெண்ணுக்கு ரொம்பச் சந்தோஷமாம். வரப்பில் நின்று பேசியதெல்லாம் அதுதான். மாடிப்படியில் கைப்பிடி வைப்பதற்காக அளந்தாராம், அக்காவுக்கு இப்போதெல்லாம் ஏறும்போது மூச்சு வாங்குகிறதே என்று. நான் தினமும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அவளுக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

துறைமுக ஊருக்குப் போன அன்று வேனில் அவரும் ஓர் இளம் தம்பதியும் மட்டும்தான். அந்தத் தம்பதி முந்தின நாள்தான் விடுதிக்கு வந்தவர்கள்; ஒருவரை ஒருவர் படம் எடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலையில்லை. அன்று கோட்டைக்கு வார விடுமுறை. விடுமுறையன்று சீட்டுக் கொடுக்கிறவரும் காவல்காரரும் வரமாட்டார்கள், ஆனால் பாதையை அடைத்து வைப்பதில்லை. மற்ற நாட்களில் தண்ணீர் ஏறப்போகிறது என்றால் காவல்காரர் மணி அடித்து எல்லோரையும் வெளியே வரச் சொல்வார். அன்று மணி அடிக்க ஆள் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைப் பார்த்து அழைத்துப் போனேன்.

தம்பதி கலங்கரை விளக்கத்துக்கு ஏறப் போய்விட்டார்கள். தொப்பிக்காரர் கோட்டைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் இருக்கு தம்பி என்று கேட்டார். வெயில் சாயுற வரைக்கும் பாதை இருக்கும் சார், மெதுவா வாங்க, முழங்கால் வேற சரியில்லையே என்றேன். உண்மையில் அதில் பாதி நேரம்கூட இல்லை. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வேன் பக்கத்தில் நின்றேன்.

இதை நான் முதல் நாளே உங்களிடம் ஒப்புக்கொண்டேன். நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், மறதி என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தப்பான நேரம் சொன்னதால் யாரும் சாகமாட்டார்கள். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மேல்தளத்துக்குத் தண்ணீர் வராது. மறுபடி பாதை தெரியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பசியோடு வந்து, மற்றவர்களிடம் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று சந்தோஷப்படுவார்கள். அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து பயப்படட்டும், என்னோடு விளையாடக்கூடாது என்று புரிந்துகொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலில் என்று சொல்கிறேன்.

அவர் கோட்டை வாசலுக்கு வந்தபோது பாதையின் இரண்டு ஓரமும் நனைந்திருந்தன. நடுவில் கொஞ்ச தூரம் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கணுக்கால் அளவு போலத் தெரியும். அந்த இடம் பள்ளம், மேடம். பக்கவாட்டில் இழுப்பு அதிகம். படகுக்காரர்களே அந்த நேரத்தில் அங்கே இறங்கமாட்டார்கள். அவர் காலை வைக்கவில்லை. லிஃப்ட் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே காலை வைத்துவிடும் ஆள் இல்லை அவர், நின்று பார்த்துப் பழகியவர். வாசலிலேயே நின்றார். பிறகு கரையில் என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கி, வரட்டுமா, இருக்கட்டுமா என்பதுபோலக் கேட்டார்.

நான் கையை உயர்த்தினேன்.

நீங்கள் காட்டினீர்களே ஒரு படம், கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து அந்தத் தம்பதி எடுத்தது, அதில் இருப்பது அந்தக் கைதான். என் முதுகும் உயர்ந்த கையும் தெரிகிறது, தூரத்தில் ஒரு புள்ளியாக அவர் தெரிகிறார். வரவேண்டாம் என்று தடுத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். படத்தைப் பார்த்தால் அப்படியும் சொல்லலாம். தடுக்கிற கைக்கும் கூப்பிடுகிற கைக்கும் பின்னாலிருந்து பார்க்க என்ன வித்தியாசம்?

அவர் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். வழி தெரிந்தவன் கூப்பிடுகிறான் என்று நம்பி இறங்கினார். பள்ளத்துக்கு வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். முதலில் தொப்பி போயிற்று. அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்காமல் இருப்பது மரியாதையாக இருக்காது என்று பட்டது. பிறகு படகுக்காரர்களிடம் ஓடிச் சத்தம் போட்டேன். நன்றாகவே சத்தம் போட்டேன், அவர்களைக் கேட்டிருப்பீர்கள். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்தப் பெண் வந்தாள், அவருடைய மகள். அப்பாவை எடுத்துப் போவதற்கு முன் விடுதியில் ஒரு நாள் தங்கினாள். அக்காவும் அவளும் மேல் அறையில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ரொட்டியும் சூப்பும் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் தொடவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணோடு அக்கா அப்படி ஒட்டிக்கொண்டது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தபோது அந்தத் தம்பதி அக்காவின் போனுக்குப் படத்தை அனுப்பினார்கள். ஆறுதலுக்காக அனுப்பினார்களாம். உங்கள் தம்பி கடைசி வரை அவரைத் தடுக்கப் பார்த்திருக்கிறார், அவர் மனதில் குற்ற உணர்ச்சி இருக்க வேண்டாம் என்று கூடவே எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

மறுநாள் காலை அக்கா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். போனை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினாள்.

"தடுத்தியா, கூப்பிட்டியா?"

உங்களிடம் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் எனக்கு அப்படி வராது. கூப்பிட்டேன் என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏன்டா என்று கேட்டாள். அந்த ஆள் உன்னை ஏமாற்றி வீட்டை எடுத்துக்கொள்ளப் பார்த்தான், எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்றேன். இங்கே ஒன்றை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. துணி மடித்துக்கொண்டிருந்த அந்த நாளிலேயே அக்கா வீட்டை என் பேருக்கு எழுதி முடித்திருந்தாள். அவளும் அவரும் நகரத்துக்குப் போய்விடுவதாக இருந்தார்கள். நீ இங்கயே இரு, உனக்கு ஒரு குறையும் வராது, படி ஏறக் கைப்பிடியும் இருக்கும் என்று சொல்லியிருந்தாள்.

அதனால் வீட்டைக் காரணமாகச் சொன்னது அவளிடம் எடுபடவில்லை. நான்தான் பேச்சைத் தொடர வேண்டியிருந்தது. அவர் இன்னொரு விஷயத்தையும் வைத்துக்கொண்டு என்னை மிரட்டினார் என்றேன். வேறு வழியில்லாமல் வலிப்பு விஷயத்தைச் சொன்னேன். அத்தனை வருஷமாக அதை மனசிலேயே வைத்திருந்தேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும்டா. அவங்கம்மா நேர்ல வந்து கேட்டாங்க. ஆமா, வலிப்பு உண்டுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ அழுதழுது ராத்திரியெல்லாம் தூங்காம இருந்தே. உன்னை விட்டுட்டுப் போக மனசு வரல. இவ்வளவு வருஷம் கழிச்சு, இப்பவாவது நீ தனியா நிப்பேன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான் பேசினாள். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டு மூடிவைத்தாள், அடுப்பை அணைத்தாள், புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். வேனில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நீங்கள் வரும் வரை நான் வீட்டிலேயேதான் இருந்தேன். எங்கும் ஓடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் அந்தப் பெண்ணோடு நகரத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். துணிமணியை எல்லாம் எடுத்துப் போய்விட்டாளாம், விடுதியைப் பூட்டிச் சாவியை உங்களிடமே கொடுத்துவிட்டாளாம். இருக்கட்டும். துக்கத்தில் இருக்கிறாள். யாருக்கும் கொஞ்சம் இடம் மாறினால் நல்லதுதான். உங்களுக்கு அவளைத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நான் கூப்பிட்டேன், அவர் வந்தார், செத்துப்போனார். வேண்டுமென்றுதான் கூப்பிட்டேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்குத் தகராறு ஒன்றுமில்லை. ஆனால் அவள் சொன்னதை நீங்களும் யோசித்துப் பாருங்கள், மேடம். வலிப்பு உண்டு என்று அவளே சொல்லியிருக்கிறாள், என்னை விட்டுப் போக மனசில்லாமல் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கும் எங்கேயும் போகப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தத் தடவை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அவளுக்காக நான் சொன்னேன், அவ்வளவுதான்.